பத்தாம் பாகம் வரும் வரைக்கும்

‘விரைவில்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால், நிற்க வைத்து நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். மூன்றாம் பெட்டியின் பின்னட்டையில் அந்தச் சொல்லைத்தான் அச்சடித்திருந்தார்கள். ‘பத்தாம் பாகம் முதல் பதின்மூன்றாம் பாகம் வரை, விரைவில்.’ நானும் நம்பிக் காத்திருந்தேன். தலைமுடி பாதி நரைத்தது. புக்கிட் ரம்பாயில் நான் கிளார்க் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்காரனுக்கு மட்டும் விரைவு வரவே இல்லை.

பழைய டிவி நாடகம் ஒன்றைப் பற்றித்தான் சொல்கிறேன். நம் மலேசியாவிலேயே எடுத்தது. பதின்மூன்று பாகம், ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வாரத்தில் ஒரு நாள் தமிழுக்கென்று ஒதுக்கிய அரை மணி நேரத்தில் ஓடியது. பல வருஷம் கழித்து கோலாலம்பூர் கம்பெனி ஒன்று அதை வாங்கி, மூன்று மூன்று பாகமாகப் பெட்டியில் போட்டு டிவிடியாக விற்க ஆரம்பித்தது. முதல் பெட்டி வந்தது. இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது. அதற்கப்புறம் இழுத்துப் பறித்து மூன்றாவது. அத்தோடு கப்சிப்.

மாதம் தவறாமல் அந்தக் கம்பெனிக்குப் போன் போடுவேன். எடுக்கும் பெண் தேன் ஒழுகப் பேசுவாள். “இன்னும் ப்ராசஸ்ல இருக்கு மேடம்.”

“என்னம்மா ப்ராசஸ்? தங்கத்தை உருக்கியா டிஸ்க் செய்றீங்க?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் கல்யாணம் கட்டாதவள். புருஷன் பிள்ளை என்று இருந்திருந்தால் இந்தப் பைத்தியம் பிடித்திருக்காது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வராமல் இல்லை. பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த நாடகத்தின் கதையில்கூடப் பெரிய அக்கறை கிடையாது. பத்தாம் பாகத்தில் என் அப்பா நடந்து போகிறார். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தோட்டத்துக்குப் படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். லாரியிலிருந்து கேமராவை இறக்கியபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரண்டு பேர் குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கினார்கள். பால் மரத்துக்கு நடுவே அதை நிறுத்தியதும், தினம் பார்க்கிற அதே மரங்கள் எனக்கு வேறு மரங்களாகத் தெரிந்தன. இந்தக் கேமராவுக்குள் நாம் எல்லாரும் போய் உட்கார்ந்துகொள்ளப் போகிறோமா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.

பால் வெட்டி முடித்து ஆட்கள் ஸ்டோருக்குத் திரும்பி வருவதை எடுக்க வேண்டும், தோட்டத்து ஆட்களே நடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னது ஒரு தப்பா? மறுநாள் காலையில் மொத்தத் தோட்டமும் தீபாவளிச் சட்டையில் வந்து நின்றது! பெண்கள் தலை நிறையப் பூ, ஆண்கள் முகமெல்லாம் பவுடர். டிவியில் வரப் போகிறோம், கிழிசல் சட்டையோடு வருவோமா? டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயா, நீங்க வேலை முடிச்சு வர்றீங்க, பொண்ணு பார்க்கப் போகல!” என்று கத்தி, எல்லாரையும் வீட்டுக்கு விரட்டினார். அப்பாவும் ஓடிப் போய்ப் பால் கறை பிடித்த சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் காண்டாக் கம்பை வைத்து, இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அம்மா ஆசை ஆசையாய்ப் போட்டுவிட்ட பவுடரைக் கழுவ மட்டும் நேரமில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, மெயின் ரோட்டில் லாரி மோதி அப்பா இறந்துபோனார். அம்மா அப்போது ஏழு மாதம். தம்பி பிறந்தபோது வீட்டில் சிரித்தவர் யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அப்பா இறந்து பிறக்கிற பிள்ளையைப் பற்றி நம் ஆட்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் அல்லவா, அதைத் தம்பியும் கேட்டான். ஏழு வயதில், ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது. “அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தவன் இவன்தானே?” என்றாள் ஒருத்தி. அவன் கையில் இருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அந்தப் பொம்பளை வாயில் புழு வைக்க என்று நான் இன்றைக்கும் திட்டுகிறேன். தம்பி திட்டவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் நிற்பதை மட்டும் விட்டுவிட்டான். வளர்ந்து, வெல்டராகி, சுங்கை ஊடாங் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். வருஷா வருஷம் அப்பாவுக்குப் படையல் போடும் நாளில் அவனுக்கு எப்படியோ ஓவர் டைம் வந்துவிடும்.

பத்தாம் பாகம் டிவியில் வந்தபோது தம்பி கைக்குழந்தை. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான் டிவியும் வீடியோ டெக்கும் இருந்தன. அவர் வீட்டு வாசல் வரை கூட்டம். படம் ஒரே புள்ளியும் கோடுமாக ஆடியது. காண்டாவோடு ஒரு வரிசை வந்தது. “அந்தா, அந்தா!” என்று எல்லாரும் கத்தினார்கள். முகம் தெரியவில்லை. ஆனால் அந்த நடை, வாளி தளும்பாமல் இடுப்பை மட்டும் அசைத்து வைக்கிற அந்த நடை, அப்பாவுடையது. செத்துப்போன மனுஷன் எங்கள் முன்னால் நடந்து போனார். அம்மா மடியில் தம்பி பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கிராணி நல்ல மனுஷர். அதைக் கேசட்டில் பதிவு செய்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கென்று எங்களிடம் இருந்தது ஐ.சி. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய ஒரே ஒரு போட்டோ. அதில் அவர் சிரிக்கவில்லை, கோர்ட்டில் நிற்பவர்போல் விறைத்திருந்தார். கேசட்டில் இருந்ததோ நடக்கிற அப்பா. அதைப் போட்டுப் பார்க்க எங்களிடம் டெக் இல்லை. ஆகவே அம்மா என்ன செய்தார்? சாமி மேடையில், அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வைத்ததோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை தவறாமல் கேசட்டுக்குச் சந்தனம், குங்குமம். மேலே விபூதியால் மூன்று கோடு. சாம்பிராணிப் புகை. ஆடி வந்தால் பூச்சரம். எங்கள் அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. எங்கள் வீட்டில் மிக்சி, பேன், கேஸ் அடுப்பு எதுவும் பொட்டு வாங்காமல் வேலை செய்ததில்லை. இப்படி ஒன்பது வருஷம். தோட்டத்தை விட்டு புக்கிட் ரம்பாயில் வாடகை வீட்டுக்கு வந்தபோதும், அம்மா அந்தக் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் லாரியில் உட்கார்ந்து வந்தார்.

நான் வேலைக்குப் போய் முதன்முதலாக வாங்கிய பெரிய பொருள் வீடியோ டெக். அம்மா குளித்து, பட்டுச்சேலை கட்டி, கேசட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். உள்ளே தள்ளினேன். கர்ர் என்று ஒரு சத்தம். திரையில் வெறும் பூச்சி. பிறகு டெக்கே நின்றுபோனது.

ரிப்பேர் கடைக்காரர் கேசட்டைத் திருகிப் பிரித்தார். மேசை மேல் வெள்ளையும் சிவப்புமாகக் கொட்டியது. “என்னம்மா இது, கேசட்டா, கோயில் உண்டியலா? உள்ளே முழுக்க விபூதி லா!” என்று சிரித்தார். சிரித்தபோது அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். நாடாவில் எண்ணெயும் குங்குமமும் ஒட்டிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைக்கத் துடைக்கப் படமும் சேர்ந்து உரிந்து வந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னார். “காப்பாத்தி வைக்கிறேன்னு நானே அவரை அழிச்சிட்டேன். புள்ளைக்கு அப்பனைக் காட்டத்தான் வச்சிருந்தேன்.”

இப்போது புரிகிறதா, நான் ஏன் போன் போட்டேன் என்று?

டிவிடி வருகிறது என்ற சேதியை முதலில் சொன்னது மலாக்கா டவுனில் கடை வைத்திருக்கும் நானா. தமிழ் முஸ்லிம் குடும்பம், அவருடைய வாப்பா காலத்துக் கடை. முன்னால் அத்தர், தொப்பி, போன் கவர். பின்னால் ஒரே ஒரு ரேக்கில் டிவிடி. அதை எடுத்துவிட்டு வேறு சாமான் வை என்று மகன்கள் எத்தனை சொல்லியும் அவர் கேட்கவில்லை, ஏனென்றால் அவரும் என் ஜாதிப் பைத்தியம். அந்தப் பழைய நாடகத்தில் ஒரு பாகத்தைக்கூட விட்டதில்லை. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் எனக்கென்று ஒன்றை எடுத்து வைப்பார்.

முதல் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அம்மா ஆசையாகக் கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். “வேணாம். நான் தொட்டா விளங்காது. நீயே வச்சிக்க.” அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் அவர் தொட்டதில்லை. தூசி தட்டும்போதுகூட அந்தத் தட்டை மட்டும் விட்டுவிடுவார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறாது.

எங்களைப் போலக் காத்திருந்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். ஒருமுறை கிளேபாங்கில் தேங்காய் ஷேக் கடையில் பத்துப் பேர் கூடினோம். அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒருவருக்கு ஐந்தாம் பாகத்தில் சத்தமே இல்லை. இன்னொருவருக்கு இரண்டாம் பெட்டியில் முதல் பெட்டியின் டிஸ்க்கே வந்திருந்தது. ஒரு ரிட்டையர்டு டீச்சர், “நான் சாகறதுக்குள்ள கடைசிப் பாகத்தைப் பார்த்துடணும். அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லையான்னு இன்னும் தெரியல” என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் மட்டும் அம்மாவின் வயதை மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷ மௌனத்துக்குப் பிறகு கம்பெனி ஒருநாள் அறிவிப்பு விட்டது. குழுவே அலறியது. ‘புதுப் பொலிவுடன், முதல் பாகத்திலிருந்து!’ பழைய பிலிம் சுருளையே தேடி எடுத்து, துடைத்து, பளிச்சென்று மறுபடியும் ஒன்றாம் பாகத்திலிருந்து விடப்போகிறார்களாம். அடப் பாவிகளா! பத்தைக் கேட்டால் ஒன்றைக் கொடுக்கிறான்! “வாங்கினவனையே மறுபடி வாங்க வைக்கிறானுங்க தங்கச்சி, என்ன மூளை பாரு” என்றார் நானா. நான் அன்றைக்குக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எனக்குப் பொலிவு வேண்டாம், புள்ளியும் கோடுமாய் இருந்தாலும் பரவாயில்லை, பத்தைக் கொடு என்று கெஞ்சினேன். தேன் ஒழுகும் பெண், “ப்ராசஸ்ல இருக்கு மேடம்” என்றாள்.

மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகள் வந்தன. மறுபடியும் வருஷங்கள் போயின. அம்மாவுக்கு முட்டி வலி வந்தது, இனிப்பு நீர் வந்தது. தம்பிக்கு நாற்பது முடிந்தது. “எனக்கு வேணாம்க்கா. பார்த்து என்ன ஆகப்போவுது? விடு லா” என்பதுதான் அவன் பேச்சு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீஸில் இருந்தபோது நானா கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “தங்கச்சி, வந்துருச்சு. நாலாம் பெட்டி. நான்கூட இன்னும் பிரிக்கல. நீ முதல்ல பாரு.” அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். பெட்டியைக் கையில் வாங்கியபோது அது இவ்வளவு லேசாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் வேறு கூத்து. பழைய டிவி போய்ச் சேர்ந்து, புது டிவி வாங்கியிருந்தோம். டிவிடி பிளேயரின் மூன்று கலர் ஒயரைச் சொருக அதில் ஓட்டையே இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்து ஓட்டை இல்லை என்று நின்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்புறம்தான் மண்டையில் பளிச்சென்றது. தம்பிக்குப் போன் போட்டேன். நாடகம் என்று மூச்சுவிடவில்லை. “டிவி படம் வரல, ஒயர் பிரச்சினை, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருடா” என்றேன். ஒயர் வேலை என்றால் அவன் மறுக்கமாட்டான்.

ஞாயிறு காலை வந்தான். சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் மாட்டினான். டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சொருகி, “போட்டுப் பாரு” என்றான். போட்டேன். நாடகத்தின் ஆரம்ப இசை வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“இருடா” என்றார் அம்மா. அம்மா அவனை எதற்கும் தடுத்ததில்லை. அவன் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பால் மரங்கள் வந்தன. அட, அந்தப் பச்சை! புள்ளி இல்லை, கோடு இல்லை. பட்டையில் வெட்டிய தடம், மங்குக் கிண்ணத்தில் வடிகிற பால், தரையில் கிடக்கிற காய்ந்த இலை எல்லாம் நேற்று எடுத்ததுபோல் தெரிந்தன. அந்தப் பொலிவை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்! மரங்களுக்கு நடுவிலிருந்து காண்டாவோடு வரிசை வந்தது. முதலாவது ஆள் அப்பா என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இல்லை, மூன்றாவது. கறை பிடித்த சட்டை. இரண்டு வாளி. முகத்தில் திட்டுத் திட்டாக வெள்ளைப் பவுடர்.

பவுடர்கூடத் தெரிந்தது! நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா நடந்து வந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். நாடியை உயர்த்தி, ‘என்ன?’ என்பதுபோல் கேட்டார். அப்புறம் சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க, நல்ல சிரிப்பு. அப்படியே திரையை விட்டுப் போய்விட்டார். பதினோரு விநாடிதான். அப்பா சிரித்தால் எப்படி இருக்கும் என்பதை நான் எப்போதோ மறந்துபோயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“திருப்பிப் போடு” என்றான் தம்பி, வாசலிலிருந்து.

போட்டேன். இரண்டாவது முறை அவன் உள்ளே வந்திருந்தான். மூன்றாவது முறை டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். சிரிப்பில் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். வெகுநேரம் பார்த்தான். “என்னைவிடச் சின்னப் பையனா இருக்காரு” என்றான். பிறகு கேட்டான். “யாரைப் பார்த்துச் சிரிக்கிறாரு?”

நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்கும் தெரியாது. கிராணி வீட்டு டிவியில் முகமே தெரியவில்லையே. யாருக்குமே தெரியாது, அம்மாவைத் தவிர.

“கேமராவுக்குப் பக்கத்துல நான்தான்டா நின்னேன்” என்றார் அம்மா. “அஞ்சு மாசம். அவரு நடந்து வர்ற நேரம் பார்த்து நீ உதைச்சே. முதல் உதை. எனக்குத் தாங்கல. வயித்துல கையை வச்சு, உதைக்கிறான்னு சைகை காட்டினேன். என்னன்னு கேட்டாரு. புரிஞ்சதும் சிரிச்சிட்டாரு. கேமரா பக்கம் பார்க்காதேன்னு அந்த டைரக்டர் கத்துனான். பிலிம் தீர்ந்துபோச்சாம், அதையே வச்சிக்கிட்டான்.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “உன்னைப் பார்த்துத்தான்டா சிரிக்கிறாரு.”

தம்பி, நாற்பது வயது ஆம்பளை, தோள் குலுங்க அழுதான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

அம்மா மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சாமி மேடைக்குப் போனார். குங்குமச் சிமிழோடு திரும்பி வந்தார். பழக்கம், வேறென்ன. மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, பிளேயர் பக்கம் கையை நீட்டியவர், அந்தரத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

தம்பி முட்டிபோட்டு அவர் பக்கம் நகர்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெற்றியைக் காட்டினான்.

“இங்க வைம்மா” என்றான்.